பெண்ணுக்குக் கூலியைக் குறைக்க மார்க்கம் இடம் தருகிறதா?

 



தொழுகையின் சட்டங்களைக் கேட்டு அறிந்து கொள்கிறோம். நோன்பை முறிக்கும் காரியங்கள் எவை என்று விசாரிக்கிறோம். ஸகாத்தை எந்த மாதத்தில் கணக்குப் பார்ப்பது என்று ஆலிம்களிடம் கேட்கிறோம். இவை யாவும் நல்லவையே. ஆனால், நம் வீட்டிலோ வயலிலோ கடையிலோ பகல் முழுவதும் பாடுபட்ட ஒரு பெண்ணின் கையில் மாலையில் நாம் வைக்கும் பணம் சரியான பணம்தானா என்று எந்த ஆலிமிடமாவது கேட்டிருக்கிறோமா? அதே வேலையை ஓர் ஆண் செய்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்போம், இவளுக்கு ஏன் குறைத்தோம் என்று நம் மனதையாவது கேட்டிருக்கிறோமா?

இதுவும் மார்க்கத்தின் மஸ்அலாதான். தொழுகையில் நேர்ந்த குறையை அல்லாஹ் நாடினால் மன்னிப்பான். அடியானின் ஹக்கில் நேர்ந்த குறையை அந்த அடியான் மன்னித்தாலன்றி அது நம் கழுத்தை விட்டு இறங்காது. ஆகவே, இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திக்க விரும்புகிறோம்.

நம் ஊர் வழக்கம்

நமது காரைக்கால் காவிரியின் கடைமடைப் பூமி. அரசலாறு நம் ஊர் வழியாகத்தான் கடலில் போய்ச் சேருகிறது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை இங்கே பிரெஞ்சுக்காரரின் ஆட்சி நடந்தது. நம்மைச் சுற்றியிருந்த தஞ்சைச் சீமையிலோ அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளையர் ஆட்சி முடிந்துவிட்டது. ஆட்சி வேறு, சட்டம் வேறு என்றிருந்த காலத்திலும் எல்லையின் இரு புறமும் ஒரு வழக்கம் மட்டும் மாறாமல் இருந்தது. நடவுக்கும் களைக்கும் வரும் பெண்ணுக்கு ஒரு கூலி; வரப்பு வெட்டவும் மூட்டை தூக்கவும் வரும் ஆணுக்கு அதைவிடக் கூடுதலான கூலி. மரக்காலில் நெல் அளந்த காலத்திலும் அப்படித்தான். ரூபாயை எண்ணிக் கொடுக்கும் இக்காலத்திலும் அப்படித்தான். ஒன்றிய அரசின் தொழிலாளர் பணியகம் கிராமக் கூலி விவரங்களைத் திரட்டி வெளியிடும்போது ஆணுக்கு ஒரு வரிசையும் பெண்ணுக்கு ஒரு வரிசையுமாகத்தான் போடுகிறது. விவசாய வேலைகளில் பெண்ணின் வரிசை தாழ்ந்தே நிற்கிறது.

இந்தப் பூமியில் கூலி என்பது சின்ன விஷயமன்று. அன்றைய தஞ்சை மாவட்டமும் இன்றைய நாகை மாவட்டமுமான பகுதியிலுள்ள கீழ்வெண்மணியில், 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்து கரிந்தன. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியை உயர்த்திக் கேட்டதிலிருந்து மூண்ட பகைதான் அங்கே போய் முடிந்தது. அதற்குப் பிறகுதான், 1969-இல், விவசாயத் தொழிலாளருக்கு நியாயக் கூலி தருவதற்கென்று தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கொடுப்பவனுக்கு அரைப்படி நெல்லாகத் தெரிவது வாங்குபவனுக்கு உயிராக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

“எங்களுக்கு வயல் இல்லையே” என்று சிலர் சொல்லலாம். சபர் போய்ச் சம்பாதித்த பணத்தில் வீடு கட்டுகிறோமல்லவா? கொத்தனாருக்குக் கை உதவிக்கு நிற்கும் ஆணைப் பெரியாள் என்கிறோம். பெண்ணைச் சித்தாள் என்கிறோம். கல் சுமப்பவளும் அவளே, மணல் சலிப்பவளும் அவளே, சாந்துச் சட்டியைத் தலையில் தூக்கிச் சாரத்தில் ஏறுபவளும் அவளே. பெயரிலேயே அவளைச் சிறியவளாக்கிக் கூலியையும் சிறியதாக்கிவிட்டோம்.

வீடும் கட்டவில்லை என்றாலும், வீட்டில் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் ஒரு பெண் வருகிறாள். நம் ஊர்களில் ஆண்கள் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் வளைகுடாவிலும் இருக்க, அவளுக்குக் கூலியைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்களே. ஆகவே, இது ஆண்களுக்கு மட்டும் சொல்லும் செய்தியன்று. ஒரு பெண்ணின் உழைப்புக்கு மற்றொரு பெண்ணே விலை குறைக்கும் இடமும் உண்டு.

திருமறை காட்டும் வழி

கூலியைப் பற்றி அல்லாஹ்வின் திருமறை என்ன கூறுகிறது என்று பார்ப்போம்.

நான்காம் அத்தியாயமாகிய சூரத்துன் நிஸாவின் 32-ஆம் வசனத்தில், ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குரிய பங்கும், பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குரிய பங்கும் உண்டு என்ற கருத்தை அல்லாஹ் அறிவிக்கிறான். அவரவர் தேடியது அவரவருக்கு. பெண்ணின் சம்பாத்தியத்தை அல்லாஹ் தனியாகப் பெயர் சொல்லி அவளுக்கே உரியதாக்குகிறான். அவளுடைய கணவனும்கூட அவள் மனமொப்பிக் கொடுத்தாலன்றி அதில் கை வைக்க முடியாது.

சூரத்துத் தலாக்கின் 6-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். மணவிலக்குப் பெற்ற தாய், அந்தக் கணவனுக்குப் பிறந்த குழந்தைக்குப் பாலூட்டினால், அதற்குரிய கூலியை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கே கட்டளை வருகிறது. சிந்தித்துப் பாருங்கள்! குழந்தையோ அவள் பெற்ற குழந்தை. பாலோ அவளிடம் தானே சுரப்பது. ஊட்டுவதோ தாய்ப்பாசம். “உன் பிள்ளைக்குத்தானே கொடுக்கிறாய், இதற்கென்ன கூலி?” என்று கேட்க எவ்வளவு இடம் இருக்கிறது! ஆயினும் அல்லாஹ் அதற்கு இடம் வைக்கவில்லை. பாசத்தைக் காட்டிக் கூலியைத் தள்ளவில்லை. பெண்ணின் உழைப்பைக் குறிப்பிட்டு அதற்குக் கூலி கொடுங்கள் என்று வேதத்திலேயே கட்டளை இருக்கும்போது, பெண்ணின் வேலை என்றால் இலேசான வேலை என்று எண்ணுவது எவ்வளவு பெரிய துணிச்சல்!

சூரத்துல் கஸஸில் மத்யன் நகரத்துக் கிணற்றடியில் நடந்ததை அறிவோம். தந்தை முதியவராகிவிட்டதால் இரண்டு பெண்மக்கள் ஆட்டு மந்தையுடன் வந்து, கூட்டம் கலையும் வரை ஒதுங்கி நிற்கிறார்கள். ஹளரத் மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அந்த மந்தைக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். பிறகு அந்தப் பெண்களின் தந்தை அவர்களை வேலைக்கு அமர்த்திக் கொள்ளும்போது காலம் பேசப்படுகிறது, பிரதியும் பேசப்படுகிறது. உம்மைச் சிரமப்படுத்த மாட்டேன் என்ற உறுதியும் தரப்படுகிறது. ஒரு வேலை ஒப்பந்தத்திற்கு வேண்டிய மூன்றும் அங்கே இருக்கின்றன. அதே இடத்தில், குடும்பத் தேவைக்காக வெளியே வந்து பாடுபடும் பெண்களை அல்லாஹ் இழித்துப் பேசவுமில்லை.

“பெண் வேலைக்குப் போகலாமா?” என்ற தர்க்கத்தை இங்கே சிலர் எழுப்புவார்கள். அது வேறு விஷயம். அதற்கான நிபந்தனைகளை ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் சிற்றன்னை இத்தாவிலிருந்த காலத்தில் தம் பேரீச்ச மரங்களில் கனி பறிக்கப் போக நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்ததை முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டும் தைத்தும் சம்பாதித்து அதை ஏழைகளுக்கு வழங்கினார்கள். அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வியாபாரத்தை அறியாதவர் யார்? பெண் வேலைக்கு வரக் கூடாது என்று சொல்பவர் தம் வயலுக்கும் வீட்டுக்கும் அவளை அழைக்காமல் இருக்கட்டும். அழைத்து வேலையும் வாங்கிவிட்டுக் கூலி கொடுக்கும்போது மட்டும் “பெண் தானே” என்று சொல்வதில் பேணுதல் இல்லை, லாபம்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் கரையோர மக்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும் சரி, ஹனஃபி மத்ஹபிலும் சரி, கூலிக்கு வேலை செய்விப்பது ‘இஜாரா’ என்ற ஒப்பந்தமாகும். வியாபாரத்தில் பொருளுக்கு விலை கொடுக்கிறோம். இஜாராவில் ‘மன்ஃபஅத்’ என்னும் பயனுக்கு விலை கொடுக்கிறோம். நட்ட வயலும் துலக்கிய பாத்திரமும் தைத்த சட்டையுமே அந்தப் பயன். பயனை அடைந்தவன் அதன் விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். அந்தப் பயன் ஆணின் கையிலிருந்து வந்ததா, பெண்ணின் கையிலிருந்து வந்ததா என்பதால் அதன் விலை மாறுவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

இந்த ஒப்பந்தத்தில் கூலி இன்னதென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளிலோ, “வந்து வேலையைப் பாரு, பார்த்துக் கொடுக்கிறோம்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கூலி பேசாமல் வேலை வாங்கினால், அந்த வேலைக்கு அவ்வூரில் கொடுக்கப்படும் ஒத்த கூலி கடமையாகிவிடுகிறது. இதை ஃபிக்ஹுக் கிதாபுகள் ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ என்கின்றன. நாம் விரும்பிக் கொடுக்கும் தொகை அதற்கு ஈடாகாது.

இவ்விடத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் கேட்கலாம்: “பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதே ஊர் வழக்கம், அவளும் சம்மதித்தே வருகிறாள். இரு தரப்பும் இசைந்த ஒப்பந்தம் செல்லும்தானே?” நியாயமான கேள்விதான். மனமொப்பிப் பேசிய ஒப்பந்தம் பொதுவாகச் செல்லும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் செல்லும் என்பது வேறு. அல்லாஹ்விடத்தில் நாம் தப்புவோம் என்பது வேறு. அடுப்பில் உலை ஏற்ற வழியில்லாதவள் சொல்லும் “சரி” எத்தகைய “சரி” என்பது நம் மனதுக்குத் தெரியும். மக்களுக்கு உரியவற்றைக் குறைத்து விடாதீர்கள் என்று ஹளரத் ஷுஐப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் சமுதாயத்தை எச்சரித்ததைத் திருமறை பல இடங்களில் எடுத்துரைக்கிறது. குறைத்து அளப்பது அந்தச் சமுதாயத்தின் ஊர் வழக்கமாகத்தான் இருந்தது. ஊர் வழக்கம் என்ற காரணம் அவர்களை அல்லாஹ்வின் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை.

சூரத்துல் முதஃப்ஃபிஃபீன் தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவனுக்குக் கேடு உண்டாகும் என்று எச்சரித்துத் தொடங்குகிறது. வேலை வாங்கும்போது எட்டு மணிக்கு வா, ஒரு வரிசையும் கோணக் கூடாது, ஒரு கறையும் இருக்கக் கூடாது என்று முழுமையாக அளந்து வாங்குகிறோம். கூலி கொடுக்கும்போது மட்டும் “பொம்பள ஆளு” என்று சின்ன மரக்காலை எடுக்கிறோம். இதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை?

வாரிசுப் பங்கைக் காட்டலாமா?

“சொத்துப் பங்கீட்டில் ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று அல்லாஹ்வே வைத்திருக்கிறானே! ஆண் குடும்பத்தைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன். பெண்ணுக்கு அந்தக் கடமை இல்லை. ஆகவே கூலியிலும் வேற்றுமை இருப்பது நியாயமே” என்று சிலர் வாதிப்பதைக் கேட்கிறோம். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதால் இதற்குத் தெளிவான பதில் அவசியம்.

வாரிசுப் பங்கு என்பது உழைப்பின் விலையன்று. தகப்பன் தேடி வைத்துப்போன பொருளை, எந்தப் பிள்ளையும் அதற்காகப் பாடுபடாமலேயே, அல்லாஹ் தன் ஞானத்தால் பங்கிட்டுக் கொடுக்கிறான். அது அவனுடைய கொடை. எவருக்கு எவ்வளவு என்று அவனே நிர்ணயித்தான். கூலி அத்தகையதன்று. அவள் தன் உழைப்பை விற்றாள், நாம் வாங்கினோம். வாங்கியதற்கு விலை கொடுப்பது கொடையல்ல, அது கடன். கொடையின் கணக்கைக் கடனுக்குப் போடக் கூடாது.

தேவையைப் பார்த்துத்தான் கூலி என்றால், அந்தக் கணக்கை நேர்மையாகவே போட்டுப் பார்ப்போம். கல்யாணமாகாத வாலிபனுக்குக் குறைந்த கூலியும், ஐந்து பிள்ளைகளின் தகப்பனுக்குக் கூடுதல் கூலியும் கொடுக்க வேண்டும். எந்த முதலாளியாவது அப்படிக் கொடுக்கிறாரா? கணவனை இழந்து நான்கு பிள்ளைகளுடன் நிற்கும் பெண்ணுக்கு அந்த வாலிபனைவிட இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். எவராவது கொடுக்கிறாரா? இல்லை. தேவை என்ற பேச்சு பெண்ணுக்குக் குறைக்கும்போது மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. கூட்டிக் கொடுக்க வேண்டிய இடத்தில் மறந்து போகிறது.

மேலும், கணவன் மனைவிக்குக் கொடுக்கும் நஃபகா அவ்விருவருக்கும் இடையே உள்ள கடமை. அந்தக் கடமையை வேலைக்கு வைத்தவர் எப்படித் தம் பைக்கு லாபமாக்கிக் கொள்ள முடியும்? அவளுடைய கணவன் அவளுக்குச் சோறு போட வேண்டியவன் என்பதற்காக நம் கடனில் கழித்துக் கொள்ளும் உரிமையை நமக்கு யார் தந்தார்? அரிசிக் கடைக்காரர் பெண் வாங்க வந்தாள் என்று விலையைக் குறைப்பதில்லை. பட்டினச்சேரியிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரப் பெண் விற்றாள் என்பதால் மீனின் ருசி குறைவதுமில்லை.

“வேலை வேறு” என்ற வாதம்

“ஆண் செய்யும் வேலை வேறு, பெண் செய்யும் வேலை வேறு” என்பது அடுத்த வாதம். உண்மையிலேயே வேலை வேறாகவும், பாடு அதிகமாகவும் இருந்தால் கூலி வேறுபடுவதில் தவறில்லை. ஆனால் வேலை வேறா, வேலையின் பெயர் வேறா என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

பம்பாயிலே மக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் ஆட்ரி டி கோஸ்டா என்ற பெண்மணி சுருக்கெழுத்தாளராக வேலை செய்தார். அதே சுருக்கெழுத்து வேலையைச் செய்த ஆண்களுக்கு அவரைவிடச் சம்பளம் அதிகம். பெண்களை ‘லேடி ஸ்டெனோகிராஃபர்’ என்று தனி வகையாக வைத்திருந்தார்கள். அவர்களின் வேலை வேறு என்றும், கூடுதல் சம்பளம் கொடுக்கக் கம்பெனிக்குச் சக்தியில்லை என்றும் வாதிட்டார்கள். 1987-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இவ்வாதங்களை ஏற்கவில்லை. வேலை ஒன்றாயிருக்கப் பெயரை மாற்றிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். சித்தாள், பெரியாள் என்று பெயர் பிரித்து வைத்திருக்கும் நாம் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

அத்தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம். ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் வேற்றுமை செய்யக் கூடாது என்று அச்சட்டம் விதித்தது. 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விதி இடம்பெற்றிருக்கிறது. இதற்கெல்லாம் முன்பே, 1951-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தது. 1958-இல் இந்தியா அதை ஏற்றது. கிராமங்களுக்காக 2005-இல் சட்டமாக வந்த நூறு நாள் வேலைத் திட்டத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றே வைத்தார்கள்.

கடலுக்கு அப்பால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். தோட்டத்தின் வருமானமே அவர்களின் விரல்களில் இருந்தது. ஆயினும் அவர்களின் நாட்கூலி ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்து வந்தது. 1984-ஆம் ஆண்டில்தான் அது சமமாக்கப்பட்டது.

தூரத்து ஐஸ்லாந்து தேசத்திலே 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் வீட்டு வேலையும் செய்யாமல், வெளி வேலைக்கும் போகாமல் ஒரு நாள் ஒதுங்கி நின்றார்கள். ஒரே நாளில் அந்நாட்டின் காரியங்கள் ஸ்தம்பித்துப் போயின. அதே நாட்டில் 2018 முதல், 25 பேருக்குக் குறைவான சிறு ஸ்தாபனங்கள் தவிர மற்றவை, தாங்கள் சமமாகவே சம்பளம் கொடுக்கிறோம் என்பதைத் தாங்களே நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண் முறையிட்டு நிரூபிக்கும் வரை காத்திராமல், கொடுப்பவரே கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. மஹ்ஷர் மைதானத்தில் நம் ஒவ்வொருவருக்கும் இதுதான் முறை என்பதை விசுவாசங் கொண்டவர்கள் நாம். அவர்கள் நாட்டுச் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதை, நாம் அல்லாஹ்வுக்கு அஞ்சிச் செய்ய வேண்டாமா?

தீன் பணி என்ற பெயரால்

வயலையும் கட்டடத்தையும் சொன்னோம். நம் சொந்த ஸ்தாபனங்களைச் சொல்லாமல் விட்டால் அது நீதியாகாது.

நம் ஊர்களில் நிஸ்வான் மதரஸாக்கள் பெருகியிருப்பது அல்லாஹ்வின் பேரருள். அங்கே ஓதிக் கொடுக்கும் ஆலிமாக்கள் ஆண்டுக் கணக்கில் ஓதித் தேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படும் ஹதியா, அதே கிதாபை அதே நேரத்திற்கு நடத்தும் ஆண் உஸ்தாதுக்குக் கொடுப்பதில் பாதிக்கும் குறைவாக இருக்கும் இடங்களை நாம் அறிவோம். கேட்டால், “தீன் பணிதானே! இக்லாஸோடு செய்தால் அல்லாஹ் கூலி கொடுப்பான்” என்கிறார்கள். அல்லாஹ் கொடுப்பான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அல்லாஹ் கொடுக்கும் கூலியைக் காட்டி, நாம் கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைக்கலாகுமா? இக்லாஸ் உஸ்தாதுக்கு வேண்டாமா? ஆலிமாவுக்கு மட்டும்தான் வேண்டுமா? பெற்ற தாயின் பாலுக்கே கூலி கொடுக்கச் சொன்ன வேதத்தை ஓதிக் கொடுப்பவளுக்கு, அந்த வேதத்தின் நீதி கிடைக்காமல் போவது எத்தகைய கைசேதம்! நிர்வாகத்தில் இருப்போர் அடுத்த கூட்டத்திலேயே சம்பளப் பட்டியலை எடுத்து வைத்து, இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுமென்று பணிவோடு கேட்டுக் கொள்கிறோம்.

கூலியோடு சேர்ந்த கண்ணியம்

குறைப்பது பணத்தில் மட்டும் நடப்பதில்லை. ஜவுளிக் கடையில் காலை முதல் இரவு வரை உட்கார ஓர் இடமின்றி நிற்கும் பெண்களைப் பார்க்கிறோம். கால் வீங்கி வீடு போய்ச் சேருகிறார்கள். பக்கத்துத் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. ஒரு முக்காலி போடுவதற்கு ஒரு சட்டம்! விமானப் பணிப்பெண் முதன்முதலாகக் கர்ப்பமுற்றவுடன் வேலையை விட்டு நீக்கும் விதி ஒன்று இருந்தது. அதை 1981-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென நீக்கியது. நம் வீட்டில் வேலை செய்யும் பெண் பிள்ளை பெறப் போனால், திரும்பி வரும்போது அவள் இடம் அவளுக்கு இருக்கிறதா? அவள் பங்குக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்து மனதை நோகடிக்கிறோமா? தாம் உண்பதையே பணியாளருக்கும் உண்ணக் கொடுக்கும்படியும், சக்திக்கு மீறிச் சுமத்த வேண்டாமென்றும், சுமத்தினால் தாமும் கூட நின்று உதவும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அவள் நம் மார்க்கத்தவளாயினும் பிற மார்க்கத்தவளாயினும் இக்கடமையில் வேற்றுமை இல்லை. அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீட்டுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஸகாத்து கூலியாகாது

இன்னொரு தவறும் நம்மிடம் இருக்கிறது. ரமளானில் வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டு, “ஆண்டு முழுவதும் கூட்டிக் கேட்டாயே, இதோ!” என்கிறோம். சிலர் அதை ஸகாத்துக் கணக்கிலும் எழுதிக் கொள்கிறார்கள். கூலிக்குப் பதிலாகக் கொடுத்த பணம் ஸகாத்தாகாது. தன் கடனைத் தீர்க்க ஸகாத்தை எடுத்தவனுக்கு ஸகாத்தும் நிறைவேறவில்லை, கடனும் மீதி நிற்கிறது. முதலில் கூலியை முழுதாகக் கொடுங்கள். அதன் மேல் கொடுப்பதே ஸதகா.

வேலையை முழுதாக வாங்கிக் கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை புகாரி ஷரீஃபின் ஹதீஸ் குத்ஸீ ஒன்று தெரிவிக்கிறது. அல்லாஹ் வாதியாக நிற்கும் வழக்கில் நமக்காகப் பேச யார் முன்வருவார்? முழுக் கூலியையும் மறுத்தவனுக்கு இந்த எச்சரிக்கை என்றால், ஒரு பகுதியை ஆண்டுக் கணக்கில் பிடித்து வைத்தவன் நிம்மதியாக இருக்க முடியுமா? தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் நிறையக் கொண்டு வந்த ஒருவன், பிறர் பொருளை உண்ட காரணத்தால் தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வெறுங்கையனாக நிற்பான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் எண்ணிப் பாருங்கள். நம் ஹஜ்ஜின் நன்மை ஒரு சித்தாளின் தட்டில் போய் விழும் நாள் வந்தால் என்ன செய்வோம்?

ஆகவே, சகோதரர்களே! சகோதரிகளே! இன்றே சில காரியங்களை நம் வீட்டளவில் தொடங்குவோம்.

வேலைக்கு அழைக்கும்போதே கூலியையும் நேரத்தையும் பேசி முடிப்போம். ஒரே வேலைக்கு ஆணும் பெண்ணும் வந்தால் ஒரே கூலி கொடுப்போம். வேலை வேறாயிருந்தால், அதிலுள்ள பாட்டையும் அதனால் நாம் அடையும் பயனையும் பார்த்து மதிப்போம்; செய்பவர் யார் என்று பார்த்து மதிக்க வேண்டாம். பகல் முழுதும் சேற்றில் குனிந்து நிற்கும் இடுப்பின் வலி, மூட்டை சுமக்கும் தோளின் வலியைவிடக் குறைந்ததென்று எவர் அளந்து பார்த்தார்? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நிறைவேற்றுவோம். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று அலைக்கழிக்க வேண்டாம். அவளுக்குரியதை அவள் கையிலேயே கொடுப்போம். அவளைக் கேளாமல் கணவனிடம் கொடுக்க வேண்டாம். இதுவரை குறைத்துக் கொடுத்தவர்கள், அந்தப் பெண் உயிரோடிருக்கும்போதே அழைத்து, இயன்றதைக் கொடுத்து, மீதிக்கு மன்னிப்புக் கேட்டுப் பொருத்தம் பெற்றுக் கொள்ளட்டும். அடியானின் ஹக்கில் தவ்பா என்பது இதுவே.

“அவளுக்குக் கூட்டிக் கொடுத்தால் ஊரில் மற்றவர்கள் நம்மை ஏசுவார்களே” என்று தயங்க வேண்டாம். ஒரு வீட்டில் தொடங்கிய நீதி அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு வயலில் உயர்ந்த கூலி அடுத்த வயலில் தானே உயரும். கொடுத்ததால் நம் ரிஸ்க் குறைந்துவிடாது. குறைத்து வைத்த பணத்திலிருந்துதான் பரக்கத் போய்விடுகிறது.

யா அல்லாஹ்! அடியார்களின் ஹக்கைப் பேணி நடக்கும் நல்லடியார்களாக எங்களை ஆக்கியருள்வாயாக! எங்கள் வீடுகளில் பாடுபடும் பெண்களின் கண்ணீர் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் காப்பாயாக! எங்கள் சம்பாத்தியத்தையும் நாங்கள் கொடுக்கும் கூலியையும் ஹலாலாக்கி வைப்பாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.